பதின்மூன்றாவது பெயர்

மலாயாவில் பேராக் போர் நடந்து ஐம்பது வருஷமாகியும் ஈப்போ அரசாங்க அலுவலகத்தில் அது முடிந்தபாடில்லை. துரை மாறினால் போரும் மாறும். முதல் துரை எழுதிய புத்தகத்தில் மலாய்க்காரர்கள் நன்றி கெட்டவர்கள். வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு மூட்டை சுமந்த தமிழர்கள் வெடிச்சத்தம் கேட்டதுமே ஓடிய கோழைகள். 1926இல் வந்திருந்த துரை இளகிய மனசுக்காரர். அவருடைய புத்தகத்தில் மலாய்க்காரர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. மூட்டை சுமந்தவர்கள் நின்ற இடத்திலேயே உயிர்விட்ட வீரர்கள். இருவருக்கும் ஆதாரம் ஒரே பழைய பட்டியல்தான். அதில் பதின்மூன்று பெயர்களுக்கு எதிரே 'காணவில்லை' என்று எழுதியிருந்தது.

தட்டச்சு செய்யும் குலசிங்கத்துக்கு இதில் வியப்பில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதினெட்டு வருஷம் துரைமாரோடு காலம் தள்ளியவர். ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டியதுதானே.

வீரர்களுக்குக் கல் நட ஏற்பாடாகியது. வாரிசு என்று அகப்பட்டவள் ஒருத்திதான்: செமோர் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் இருளாயி, பட்டியலில் பதின்மூன்றாவதாக இருந்த காத்தானின் மகள். பழைய புத்தகத்தைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி எப்போதோ வாசித்துக் காட்டியதிலிருந்து அவளுக்கு 'ஓடுனவன் மக' என்றே பெயர். அந்தப் பெயரால் அவள் மகளுக்கு வந்த சம்பந்தம் ஒன்று முறிந்தும் போயிருந்தது.

குலசிங்கம் காகிதத்தோடு லயத்துக்கே போனார்.

"எங்கப்பா பேரு கல்லுலயா?" அவள் கண் கலங்கியது.

"ஓம். அண்டைக்கே செத்துப்போனார் எண்டு இதிலை கைநாட்டு வை. அதுவே காணும்."

மையில் தோய்த்த விரலை அவள் அந்தரத்திலேயே நிறுத்தினாள்.

"அன்னைக்கே செத்திருந்தா நான் எப்படிங்கய்யா பொறந்தேன்? எனக்கு நாப்பத்திநாலு வயசுலா."

கணக்கில் புலி என்று பெயரெடுத்த குலசிங்கத்தின் முகத்தில் அசடு வழிந்தது. சமாளித்துக்கொண்டு, "விரலை வைச்சால் உன்ரை அப்பர் வீரர். இனி ஒருத்தரும் நக்கலடிக்க மாட்டினம்" என்றார்.

அவளுக்கு ஆசைதான். காகிதத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு விரலைச் சேலையில் துடைத்துவிட்டாள்.

"பட்டாளத்துல மூணு நாளா சோறு போடலன்னு அப்பா சொல்லும். பசி தாங்காம ஓடுச்சு. அத எழுதுங்கய்யா."

அவர் அப்படியே தட்டச்சு செய்தார். துரை வாசித்து, பெருமூச்சு விட்டு, சிவப்புப் பென்சிலால் காத்தானின் பெயரையே அடித்துவிட்டார்.

"கல்லில் பசிக்கு இடமில்லை, குலசிங்கம்."

பன்னிரண்டு பெயர்களோடு கல் நட்டார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் எங்கே போய்ப் பிள்ளைகுட்டி பெற்றார்களோ, கேட்க ஆளில்லை. குலசிங்கத்துக்கு முதன்முறையாகத் துரைமேல் ஆத்திரம் வந்தது. இருளாயியிடம் விஷயத்தையாவது சொல்லிவிட வேண்டுமென்று விடியற்காலையில் செமோருக்குப் போனார். பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் கூடியிருந்தார்கள்.

"அப்பா பேரு இல்லாமப் போச்சா?" என்றாள் இருளாயி. அவள் முகம் வாடியது. அவரால் அவளைப் பார்க்க முடியவில்லை.

கங்காணி ஐயாவு பட்டியலை விரித்தார்.

"ஓடுனவன் மக வந்தாச்சா?"

வழக்கம்போலச் சிரிப்பு எழுந்தது. இருளாயி வாளியை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"வந்துட்டேன்லா. எங்கப்பா ஓடலன்னா நீ யாரக் கூப்பிடுவ?"