சீட்டில் வந்த நீள வார்த்தை

வஹீதின் மனைவி ஜைத்தூன் பீயை விஷக்காய்ச்சலென்று ஆஸ்பத்திரியில் சேர்த்து இருபது நாளாகியிருந்தது. தொத்து வியாதி வார்டு. புருஷனானாலும் உள்ளே விடமாட்டார்கள். சாயங்காலம் வாசலில் போய் நின்றால் டாக்டர் எழுதின சீட்டு ஒன்று வெளியே வரும். தினமும் ஒரே இங்கிலீஷ் வார்த்தைதான்: 'சேம்'. நேற்று மாதிரியேதான் என்று அர்த்தமாம். இதை எழுத ஒரு டாக்டர் வேண்டுமா என்று நான் தினமும் திட்டுவேன். வஹீது திட்டமாட்டான். சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான்.

பீளமேட்டு மில்லில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மெஷின். ஷிப்டு முடிந்ததும் அவனோடு நானும் போய்விடுவேன். அவனை ஒத்தையில் விட மனசு வரவில்லை.

இருபத்தோராம் நாள் சீட்டில் வேறு வார்த்தை இருந்தது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் நீளம். கொடுத்த ஆளைக் கேட்டால், "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்று கதவைச் சாத்திவிட்டான். மில் கிளார்க் லட்சுமணசாமி வீட்டுக்கு ஓடினோம். அவர் எழுத்துக் கூட்டி, "கன்வலசென்ட்" என்றார்.

"அர்த்தமுங்க?"

"நான் படிச்ச புஸ்தகத்துல இது வரலீங்க. இத்தன நீளமா இருக்குது, நல்லதா இருக்குமாங்க?"

வாயில் நல்லது வராதவனுக்கு இங்கிலீஷ் எதற்கு? வஹீது சீட்டை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டான்.

"பொங்கியண்ணா, உக்கடத்துல உருது சொல்லிக் குடுக்கற முன்ஷி ஒருத்தரு இருக்கறாருங்க. இங்கிலீஷுக்கு உருதுல அர்த்தம் சொல்ற அகராதி வெச்சிருக்கறாருங்க" என்றான்.

முன்ஷி வடக்கேயிருந்து வந்தவர். தமிழ் ஒரு சொல் தெரியாது. அகராதியில் விரலை வைத்துக்கொண்டு உருதுவில் ஆரம்பித்தார். சுருக்கமாகச் சொல்லித் தொலைக்கக் கூடாதா? 'சேஹத்', 'சேஹத்' என்று நாலைந்து தடவை வந்தது. வஹீது ஏதோ கேட்டான். அவர் இல்லையென்று தலையாட்டினார். இன்னொன்று கேட்டான். அதற்கும் இல்லையென்றார். வஹீது முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

சேஹத் என்றால் சாவுதான் என்று முடிவுகட்டிவிட்டேன். அவனைக் கட்டிப்பிடித்து, "சாமி உன்னக் கைவிட்டுருச்சேடா கண்ணு" என்று நானும் ஓவென்று அழுதேன்.

"ஐயோ, இல்லீங்கண்ணா! சேஹத்துன்னா சொகமுங்க. மொகம் சொகத்துப் பக்கம் திரும்பிருச்சுன்னு அர்த்தமுங்க. செத்தவங்களுக்கு இந்த வார்த்தையப் போடுவாங்களான்னு கேட்டேன், போடமாட்டாங்களாம். சாகக் கெடக்கறவங்களுக்கு? அதுக்கும் ஆகாதாம். சீக்கு போயி, தெம்பு மட்டும் வர வேண்டியவங்களுக்குத்தானாமுங்க!"

அப்புறமும் என் அழுகை நிற்கவில்லை. இத்தனை பெரிய மீசையை வைத்துக்கொண்டு இப்படி அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. முன்ஷி என்னைக் காட்டி ஏதோ கேட்டார். வஹீது ஒரே சொல்லில் பதில் சொன்னான். அவர் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்.

"என்னடா கேட்டாரு?"

"நீங்க ஜைத்தூனுக்கு என்ன வேணுமுன்னு கேட்டாருங்க."

"நீ என்ன சொன்னே?"

"அண்ணன்னு சொல்லிப்போட்டேனுங்க. தப்புங்களா?"

எங்கள் ஊரில் கவுண்டன் எவனும் சாயபு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. நான் சொம்பை வாங்கி மடமடவென்று குடித்தேன்.