அமெரிக்காவுக்குப் போன கசெற்

பாலேந்திராவின் செத்தவீட்டை வீடியோ எடுத்தது என் கணவர்தான். லண்டன் டூட்டிங்கில் கல்யாணமோ செத்தவீடோ, எதுவென்றாலும் சனிக்கிழமைகளில் கமராவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். வர முடியாத உறவுகள் கனடாவிலும் ஜெர்மனியிலும் இருந்து பார்த்து அழவேண்டுமே, அதற்கு. நான் இதைப் பலமுறை நக்கலடித்திருக்கிறேன். தொண்ணூற்று மூன்றில், இந்தச் செத்தவீட்டுக்குப் பிறகு, நக்கலடிக்க வாய் வரவில்லை.

என் கணவரின் சிநேகிதன் பாலேந்திராவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பக்கத்துக் கோலியர்ஸ் வுட்டில் அவனோடு எட்டொன்பது வருடம் குடும்பம் நடத்தியவள் பியற்றிஸ். ஜமேக்காக்காரி, தாதி வேலை. ஆஸ்பத்திரியிலும் கடைசிவரை அவன் பக்கத்தில் இருந்தவள் அவள்தான். கல்யாணம் எழுதிப் பதியவில்லை. எழுதியிருந்தால் மட்டும் எங்கள் ஆட்கள் ஏற்றுக்கொண்டிருப்பார்களாக்கும்.

செத்தவீட்டுக்கு முதல் நாள் வெள்ளைச் சேலை இரவல் கேட்டு என்னிடம் வந்தாள். ஊசி குத்தி உடுத்திக் காட்டினேன். "வீடியோவை அவருடைய அம்மாவுக்கு அனுப்புவீர்களா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். அம்மா கனகாம்பிகை அமெரிக்காவில், நியூ ஜெர்சியில், மூத்த மகனோடு இருந்தார். வருத்தக்காரி, நோயோடு பிளேன் ஏற முடியாது. அனுப்புவோம் என்றேன். "அப்படியென்றால் ஒரு தரமாவது என் முகத்தைப் பார்ப்பார்" என்றாள். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

மூத்தவர் பத்மநாதன் அங்கே டொக்டர். செத்தவீட்டுக்காக லண்டன் வந்த அன்றே எங்கள் குசினியில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி ஒரு பிரசங்கம் வைத்தார்.

"அமெரிக்காவிலை ஒருத்தனை அவன்ரை வேலையை வைச்சுத்தான் மதிப்பினம். வீட்டுக்குள்ளை ஆரோடை இருக்கிறான் எண்டு ஒருத்தரும் கேளாயினம். எங்கடை சனம்தான் இன்னும் திருந்தேல்லை."

எனக்கு அவர்மேல் மரியாதையே வந்துவிட்டது. கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன்.

தகன மண்டபத்தில் பியற்றிஸைக் கடைசி வரிசையில் இருத்தினார்கள். வாய்க்கரிசி போட உரித்துக்காரரை ஐயர் கூப்பிட்டபோது அவள் எழும்பவில்லை. தன்னையும் யாராவது கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன். சனம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வழிவிட்டது. அரிசியைப் போட்டுவிட்டு, காய்ச்சல் பார்ப்பதுபோல அவன் நெற்றியில் கையை வைத்தபடி நின்றாள். என் கணவர் கமராவை அசைக்காமல் பிடித்தார்.

இங்கத்தைய கசெற் அமெரிக்க மெஷினில் ஓடாது, மாற்றிப் பதியவேண்டும். "மாத்தேக்கை அந்தப் பொம்பிளை வாற இடங்களை வெட்டிவிடுங்கோ" என்றார் பத்மநாதன்.

"ஏன் அண்ணை? அமெரிக்காவிலைதான் ஒருத்தரும் கேளாயினமே" என்றேன்.

"அமெரிக்கன் கேளான் தங்கச்சி. வீட்டை வந்து கசெற் பாக்கப்போறது எங்கடை சனம். எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். அம்மாவும் தாங்கமாட்டா. அவவுக்கு இதொண்டும் தெரியாது."

அவர் கெட்ட மனுஷர் இல்லை. தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு அவர் குழறி அழுததை நான் பார்த்தேன். எனக்கு விளங்காதது அதுதான். அவ்வளவு அழுத ஒருவருக்கு, தம்பியின் வாழ்க்கையில் பாதியை வெட்டச் சொல்லும்போது குரல்கூட மாறவில்லை. என் கணவரோடு சண்டை பிடித்தேன். "செத்தது அவரின்ரை தம்பி. மறுக்கிறதுக்கு நான் ஆர்?" என்று சொல்லி வெட்டினார். பியற்றிஸுக்கு வெட்டாத கசெற்றைக் கொடுத்தோம். அம்மாவுக்கும் அதுவே போயிருக்கும் என்று அவள் நம்பினாள்.

ஒரு மாதம் கழித்து ஒரு பின்னேரம், கசெற் பெட்டியில் இருந்த எங்கள் நம்பரைப் பார்த்துக் கனகாம்பிகை அம்மா போன் எடுத்தார்.

"பிள்ளை, பெரியவன் கடைக்குப் போயிட்டான். அதுதான் எடுக்கிறன். வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டன். அந்தப் பிள்ளையைக் காணேல்லை."

"எந்தப் பிள்ளை அம்மா?"

"பியற்றிஸ். சின்னவன் எனக்கு எல்லாம் சொன்னவன். அண்ணைக்குச் சொல்லாதேங்கோ எண்டவன். பெரியவன் இல்லாத நேரம் பாத்துத்தான் எடுத்துக் கதைப்பான். அவளும் போனிலை வந்து 'அம்மா, சாப்பிட்டீங்களோ' எண்டு கேப்பாள். அது ஒண்டுதான் அவளுக்குத் தெரிஞ்ச தமிழ்" என்றார். "கடைசியிலை அவளும் விட்டிட்டுப் போயிட்டாளோ பிள்ளை? என்ரை பிள்ளை தனியக் கிடந்தே செத்தவன்?"

உண்மையைச் சொன்னால், மிஞ்சியிருக்கிற மகன்மேல் அந்த மனுஷிக்கு இருக்கிற நம்பிக்கையும் போய்விடும். அது தெரிந்தும் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"இல்லை அம்மா. அவ கடைசி மட்டும் கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவ. சேலை உடுத்து வந்து வாய்க்கரிசியும் போட்டவ. கசெற்றிலைதான் வெட்டிப்போட்டினம்."

யார் வெட்டச் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. அழுதார். நானும் அழுதேன்.

"நீ சொன்னதெண்டு அவனுக்குத் தெரியவேண்டாம் பிள்ளை" என்றார். "நான் இஞ்சைதானே இருக்கவேணும்."

அந்தப் பக்கம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அம்மா மூக்கை உறிஞ்சிவிட்டுக் குரலை உயர்த்தினார்.

"ஓம் பிள்ளை, வீடியோ வடிவாய் வந்திருக்கு. எல்லாரும் வந்திருக்கினம்."