கப்பல் வீட்டின் மாடிப்படி

செருப்பைக் கழற்றாமல் கப்பல் வீட்டுக்குள் நுழைந்துவிட்டோமே என்பதுதான் மகளுக்கு முதலில் தோன்றியது. அப்பாவின் வலது காலை அவள் பிடித்திருந்தாள். இடது காலை முன்பின் தெரியாத ஒருவர் பிடித்திருந்தார். தலைப்பக்கம் கூட்டத்தில் வந்திருந்த ஒரு நர்ஸும் வீட்டுக்காரரும். "மெதுவா, மெதுவா. நிலைப்படி இருக்கு, தட்டிடப் போகுது" என்றார் வீட்டுக்காரர். இத்தனை வருஷமாக அப்பாவை அந்த நிலைப்படியைத் தாண்ட விடாத மனிதர் அவர்தான்.

"சோபா வேணாம். தரையில படுக்க வைங்க" என்றாள் நர்ஸ்.

வைத்தார்கள். நர்ஸ் முட்டி போட்டு உட்கார்ந்து அப்பாவின் மார்பை இரண்டு கைகளாலும் அழுத்த ஆரம்பித்தாள். அழுத்த அழுத்த அப்பாவின் சட்டைப்பையிலிருந்த பென்சில் உருண்டு வந்து தரையில் விழுந்தது. மகள் அதைப் பொறுக்கிக்கொண்டாள். எதற்காகப் பொறுக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. அந்த நேரத்தில் அவளுக்குச் செய்யத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

அப்பா ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மனுஷன் வீட்டில் சும்மா இருந்தாரா என்றால் இல்லை. ஊரிலேயே பணக்காரர்கள் குடியிருக்கும் இந்த மேட்டுத் தெருக்களில் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார். எந்த வருஷம் கட்டினது, யார் கட்டினது, வாசல் ஏன் கோணலாக இருக்கிறது என்று குடைந்தெடுத்தார். ஒவ்வொரு வீட்டையும் பெரிய தாளில் வரைந்தார். பிறகு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேட்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடந்து கதை சொன்னார். ஓட்டுக்கூரை போட்ட பழைய வீடுகள், அப்புறம் மூலைகளை வளைத்துக் கட்டிய வீடுகள், அப்புறம் தீப்பெட்டி மாதிரி சிமெண்ட் வீடுகள், கடைசியாகக் கண்ணாடி வீடுகள். "கண்ணாடி வீட்டைப் பத்தி உங்கப்பா என்னங்க சொல்லுவார்?" என்று யாராவது கேட்டால், "வெயில் ஜாஸ்தின்னு சொல்லுவார்" என்பாள் மகள். கூட்டத்தின் கடைசியில் குடையும் தண்ணீர்ப் பாட்டிலுமாக வருவது அவள் வேலை. அதனால் அப்பா அவளுக்கு 'வாலு' என்று பெயர் வைத்திருந்தார். கட்டட நிறுவனம் ஒன்றில் வரைபடம் போடுகிறவள், நாற்பதைத் தாண்டியவள், இன்னும் வாலுதான்.

எல்லா வீட்டையும்விட அவருக்கு உயிர் இந்தக் கப்பல் வீடு. கடலையே பார்த்திராத ஒரு சர்க்கரை வியாபாரி கட்டியது. வளைந்த முகப்பு, கப்பல் மேல்தளம் மாதிரி கம்பி போட்ட பால்கனி. தெருவைப் பார்த்த பக்கச் சுவரில் மூன்று வட்ட ஜன்னல்கள், ஒன்றைவிட ஒன்று உயரமாக, சாய்வாக ஏறிப் போகும். "ஜன்னல் ஏறுதுன்னா உள்ள என்ன ஏறும்? படி! சுத்திச் சுத்திப் போற மாடிப்படி! ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒரு ஜன்னல். காலையில வெயில் படிப்படியா இறங்கி வரும்" என்று அப்பா கையைச் சுழற்றிச் சொன்னால் கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றும். ஆனால் உள்ளே போய்ப் பார்க்க வீட்டுக்காரர் விட்டதே இல்லை. கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி, "இன்னைக்கு வசதிப்படாதுங்க" என்று அனுப்பிவிடுவார்.

அப்பாவுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. தன் கண்ணால் பார்த்ததை மட்டும்தான் மையில் வரைவார். பார்க்காதது பென்சிலில் இருக்கும். "பாக்காததை மையில போட்டா அது வரைபடம் இல்ல வாலு, வதந்தி" என்பார். கப்பல் வீட்டுத் தாளில் எல்லாம் மை. அந்தச் சுற்றுப்படி மட்டும் பென்சில்.

கதை முடிந்ததும் கப்பல் வீட்டு எதிரில் இருக்கும் குட்டைச் சுவரில் உட்கார்ந்துகொள்வார். "இப்ப யாரும் பேசப்படாது. என்னைப் பாக்காதீங்க, வீட்டைப் பாருங்க. கொஞ்ச நேரம் அதுவே பேசட்டும்." கண்ணை மூடிக்கொள்வார். எல்லாரும் அவருக்கு முதுகைக் காட்டி நின்று வீட்டைப் பார்ப்பார்கள். மாதாமாதம் நடப்பதுதான்.

இன்றைக்கும் நடந்தது. யாருடைய போனோ அடித்தது, எல்லாரும் அந்த ஆளை முறைத்தார்கள். மகளும் முறைத்தாள். இன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே உட்கார்ந்திருக்கிறார், ரசித்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தாள். அப்போதுதான் கப்பல் வீட்டு மாடி ஜன்னல் படாரென்று திறந்தது. வீட்டுக்காரர் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினார்.

"பின்னாடி பாருங்கய்யா! வாத்தியார் சாயறாரு!"

அவர் ஒருத்தர்தான் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மற்ற அத்தனை பேரும் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸ் அழுத்துவதை நிறுத்தினாள். அப்பாவின் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, "அக்கா... போயிட்டாரு" என்றாள்.

"எங்க?" என்று கேட்டாள் மகள்.

கேட்ட பிறகுதான் கேள்வியின் கோணல் அவளுக்கே உறைத்தது. சிரிப்பு வரும்போல் இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. அப்பாவின் உதட்டோரம் எச்சில் வழிந்திருந்தது. துடைக்க வேண்டும். "தண்ணி வேணும்" என்றாள்.

வீட்டுக்காரர் பக்கத்துக் கதவைக் காட்டினார். போனாள். குளியலறை. வாளி, குவளை, கொடியில் ஒரு துண்டு. குழாயைத் திறந்து கைக்குட்டையை நனைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். எதிரே வட்ட ஜன்னல். அதன் விளிம்பில் பல் தேய்க்கிற பிரஷ்ஷும் பற்பசையும் இருந்தன.

ஜன்னல் வழியே குட்டைச் சுவர் தெரிந்தது. சுவர்மேல் அப்பாவின் துணிப்பை இருந்த இடத்திலேயே இருந்தது. கதை கேட்க வந்தவர்கள் அதைச் சுற்றி நின்றார்கள். தண்ணீர் வழிந்து அவள் புடவை நனைவதுகூடத் தெரியாமல் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். படி எங்கே? இங்கேயல்லவா முதல் திருப்பம்?

வீட்டுக்காரர் வந்து குழாயை மூடினார்.

"படி...?" என்றாள்.

"இல்லம்மா."

"அந்த ரெண்டாவது ஜன்னல்?"

"பரண். பெட்டி படுக்கையெல்லாம் கெடக்கு. மூணாவதுக்கு ஓட்டையே இல்ல. உள்பக்கம் வெறும் சுவர். தெருவுல நின்னு பாக்கறவங்களுக்கு அழகா இருக்கணும்னு எங்க தாத்தா வைக்கச் சொன்னாராம்." அவர் கொஞ்ச நேரம் துண்டைச் சரிசெய்தார். "மாடிக்குப் போறது பின்னாடி ஒரு சிமெண்டுப் படிதான்."

"அதனாலதான் உள்ள விடலயா?"

"எப்படிம்மா விடுறது? மாசாமாசம் மாடி ஜன்னல் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருப்பேன். அவர் சொல்றதைக் கேட்டா எனக்கே அந்தப் படியில ஏறிப் பாக்கணும்போல இருக்கும். வாங்க, இங்க ஒண்ணும் இல்லன்னு கூப்பிட்டுக் காட்டச் சொல்றியா?" அவர் ஜன்னல் வழியே குட்டைச் சுவரைப் பார்த்தார். "கொஞ்சம் முன்னாடி கவனிச்சிருக்கலாம். கண்ணை மூடி ரசிக்கிறார்னுதான் நானும் நெனச்சேன்."

வண்டி வந்தது. அப்பா வீட்டுக்குப் போனார்.

போனில் சொன்னபோது அம்மா, "விளையாடாதடி. காலையிலதான என்கிட்ட சண்டை போட்டுட்டுப் போனார்" என்றாள். அந்த வார்த்தையைவிட்டு அவள் நகரவே இல்லை. உடம்பைக் கொண்டுவந்து முன்னறையில் கிடத்தியபோதும் அதையேதான் சொன்னாள். அழவில்லை. மின்விசிறியைக் கூட்டினாள், குறைத்தாள். வந்தவர்களை உட்காரச் சொன்னாள். பேயறைந்த மாதிரி இருந்தது அவள் முகம். பிறகு மகளின் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மேடையில் அப்பாவின் காலை டீ, குடிக்காமல் ஆடை கட்டிக் கிடந்தது.

"அந்தப் படியைப் பத்திதான் சண்டை. 'ஊர்ல இருக்கிறவன் வீட்டுப் படியைக் கட்டிக்கிட்டு அழறீங்களே, அந்த ஜன்னலுக்குப் பின்னாடி குளியலறைதான் இருக்கும், வேணும்னா பந்தயம்'னு சொன்னேன். சும்மா சீண்டினேன்டி. எப்பவும் சொல்றதுதான். இன்னைக்கு மனுஷனுக்கு ரோஷம் வந்திருச்சு, டீயைக்கூடத் தொடாமப் போயிட்டார்." அம்மாவின் விரல்கள் அவள் மணிக்கட்டை நெரித்தன. "அந்த வீட்டுக்குள்ளதான் தூக்கிட்டுப் போனாங்களாமே. நீ பாத்தியா? படி இருந்துச்சா?"

அம்மா நாற்பத்தைந்து வருஷம் சண்டையில் தோற்றதே கிடையாது. இப்போது தோற்பதற்காக இப்படிக் கெஞ்சிக்கொண்டு நிற்கிறாள். ஐயோ, அம்மா சொன்னதுதான் சரி என்று இப்போது எந்த வாயால் சொல்வது?

"இருந்துச்சும்மா."

"சத்தியமா?"

"சுத்திட்டுப் போகுது."

அம்மா மூச்சு விட்டாள். ஆனால் கையை விடவில்லை. மகளின் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தாள். பொய் சொன்னால் சின்ன வயசிலிருந்தே அம்மாவிடம் மாட்டிக்கொள்கிறவள் அவள். அதற்குள் முன்னறையில் யாரோ வந்த சத்தம் கேட்டது.

கப்பல் வீட்டுக்காரர். கையில் அப்பாவின் துணிப்பையும் ஒற்றைச் செருப்பும். செருப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் திருதிருவென்று நின்றார். அம்மா நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"உங்க வீட்ல அந்த வட்ட ஜன்னலுக்குப் பின்னாடி என்னங்க இருக்கு?"

சாவு வீட்டில் கேட்கிற கேள்வியா இது? அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்ற மகளைப் பார்த்தார். அவள் தலையைக்கூட அசைக்கவில்லை. அப்பாவைப் பார்த்தார்.

"படிதாம்மா" என்றார்.

"சுத்திட்டுப் போகுதா?"

"சுத்திட்டுத்தான் போகுது. ஒவ்வொரு திருப்பத்துலயும் ஒரு ஜன்னல். காலையில வெயில் படிப்படியா இறங்கி வரும்."

அம்மா அப்போதுதான் அழுதாள். தரையில் உட்கார்ந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் தோத்தேன், போதுமா? எழுந்திரிச்சு அந்த டீயைக் குடிங்களேன்" என்று வாய்விட்டுக் கதறினாள். வந்திருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கொஞ்சம் தெளிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். சுருட்டி வைத்திருந்த தாளையும் அப்பாவின் மைப்பேனாவையும் எடுத்து வந்து மகள் முன்னால் வைத்தாள்.

"அவர்தான் உள்ள போயிட்டாரே. இனிமே என்ன பென்சில்? மையில போட்டுடு."

"அம்மா..."

"எடுக்கிறதுக்கு முன்னாடி போட்டுடு. உன் கைதான் அவர் கை மாதிரி நேரா வரும்."

மகள் தரையில் உட்கார்ந்து தாளை விரித்தாள். வளைந்த முகப்பும் பால்கனிக் கம்பியும் மூன்று ஜன்னல்களும் கறுப்பாக, திருத்தமாக இருந்தன. நடுவில் அந்தப் படி மட்டும் மங்கலாக இருந்தது, பலமுறை அழித்து அழித்து வரைந்ததில் தாளே அங்கு மெலிந்துபோயிருந்தது. அப்பா பக்கத்தில்தான் படுத்திருந்தார். அவள் பேனா மூடியைக் கழற்றினாள்.

தாளின் ஓரம் சுருண்டு சுருண்டு வந்தது. கப்பல் வீட்டுக்காரர் அதுவரை கையில் வைத்திருந்த ஒற்றைச் செருப்பைக் கீழே வைத்துவிட்டு வந்து குந்தி உட்கார்ந்தார். ஒரு மூலையை விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் முதல் படியிலிருந்து ஆரம்பித்தாள்.