பின்னால் வருகிறவர்களுக்கான விளக்கு

எங்கள் ஊரில், பின்னால் யாராவது இருந்தால்தான் வண்டியின் பிரேக் விளக்கு எரியும். தற்செயலாகப் பின்னால் வந்து சேர்கிற பேருந்தும் லாரியும் இதில் சேராது. நமக்கென்று ஒரு ஆள் வர வேண்டும். சாலையில் வந்தாலும் சரி, வீட்டில் இருந்தபடி மனதால் வந்தாலும் சரி. பிள்ளைகுட்டிக்காரர்களின் வண்டிகள் சிக்னலில் வரிசையாக நிற்கும்போது தெருவே செக்கச்செவேலென்று இருக்கும்.

ஐம்பது வயதைத் தாண்டும்வரை எனக்கு இதனால் தொந்தரவு இருந்ததில்லை. என்னுடையது சுதந்திரத்துக்குச் சற்றுப் பின்னால் செய்யப்பட்ட பிக்கப். மூக்கு நீண்டிருக்கும், கதவுக்கு வெளியே கால் வைத்து ஏற ஒரு பலகை இருக்கும். அதில் கம்பி பிரேக்தான். பெடலை மிதித்தால் அடியில் ஓடுகிற கம்பிகள் இழுத்துச் சக்கரங்களைப் பிடிக்கும். அந்தக் காலத்துக்காரர்கள் அதற்குப் பிரேக் விளக்கே வைக்கவில்லை. நிறுத்த வேண்டுமானால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவேன். கை எல்லோருக்கும் தெரியும்.

நாற்றுப்பண்ணைகளில் தென்னங்கன்றும் எலுமிச்சங்கன்றும் ஏற்றி, தோட்டங்களில் கொண்டுபோய் இறக்குவது என் தொழில். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் அண்ணனும் அடுத்தடுத்துப் போன பிறகு, என்னைச் சென்னியப்பன் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தோட்டங்களில் ‘கன்னு வண்டிக்காரரு’ என்பார்கள். அதற்கே திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டேன்.

ஒருநாள் மலையடிவார இறக்கத்தில் பிரேக் கம்பி அறுந்தது. வண்டி சாலையை விட்டு இறங்கி, ஒரு சோளத்தட்டுப் போரில் புகுந்து நின்றது. கன்றுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. போருக்குச் சொந்தக்காரர் வந்து, என் தலையில் கிடந்த தட்டை எடுத்துப் போட்டார்.

“ஆயில் பிரேக் வெச்சுக்குங்க,” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அவருடைய டிராக்டரில் கட்டி, மெக்கானிக் ராக்கியண்ணனின் பட்டறைக்கு வண்டியை இழுத்துக்கொண்டு போனோம். ராக்கியண்ணன் என்னைவிடப் பத்து வயது சின்னவர், எப்போதும் வெற்றிலை போட்டிருப்பார். கம்பிகளையெல்லாம் கழற்றி ஒரு மூலையில் போட்டார். பெடலுக்குக் கீழே சட்டத்தில் ஒரு தகட்டை வைத்துப் பற்றவைத்து, அதில் எண்ணெயை அழுத்துகிற மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்தினார். அங்கிருந்து மெல்லிய இரும்புக் குழாய்களைச் சட்டத்தோடு ஒட்டி வளைத்து நான்கு சக்கரத்துக்கும் கொண்டுபோனார். குழாய் பிரிகிற இடத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்சைத் திருகினார். பெடலை மிதித்தால் எண்ணெய் அழுத்தும், அழுத்தினால் சுவிட்ச் சேரும், சேர்ந்தால் பின்னால் சிவப்பு எரியும். நான் இறங்கி இறங்கிப் பார்க்க வேண்டாம் என்று ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு பல்பையும் வைத்து, அதே ஒயரில் இணைத்தார். பின்னால் எரிந்தால் இங்கேயும் எரியும்.

பிறகு குழாய்களில் சிக்கிய காற்றை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் பிடிக்காது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் பெடலில் கால் வைத்து உட்கார்ந்தேன். அவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்துக்கொண்டார்.

“மிதிங்க… புடிங்க… புடிங்க… உடுங்க.”

மிதித்தேன், பிடித்தேன், விட்டேன்.

“மிதிங்க… அப்படியே புடிங்க.”

ஒவ்வொரு சக்கரமாக மதியம்வரை இது நடந்தது. ஒரு மனிதக் குரல் இத்தனை நேரம் தொடர்ந்து என்னிடம் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. கடைசிச் சக்கரத்தில் காற்று தீர்ந்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா மிதித்துக்கொண்டிருந்தேன். ராக்கியண்ணனும் “உடுங்க,” என்று சொல்லிக்கொண்டு படுத்திருந்தார்.

பிரேக் நன்றாகப் பிடித்தது. விளக்கு எரியவில்லை.

பல்பை மாற்றினார். ஒயரை விரலால் தடவிக்கொண்டே முன்னாலிருந்து பின்னால்வரை போனார். சுவிட்சைக் கழற்றித் தன்னுடைய வண்டியில் திருகி மிதித்தார். பட்டறைச் சுவர் முழுக்கச் சிவந்தது. அவருக்கு மனைவி, மாமியார், இரண்டு பெண்கள். அதைத் திரும்ப என் வண்டியில் போட்டார். இருட்டு. எண்ணெயே வேண்டாம் என்று, பெடலில் ஸ்பிரிங் கட்டி இழுக்கிற இன்னொரு வகைச் சுவிட்சையும் வைத்துப் பார்த்தார். அப்போதும் இருட்டு. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஜன்னலில் சாய்ந்தார்.

“சுவிச்சுல ஒண்ணுமில்லீங்க. உங்களுக்குப் பின்னாடி ஆருமில்ல.”

“நீங்க போய்க் கொஞ்சம் நில்லுங்களேன்,” என்றேன்.

போய் நின்றார். மிதித்தேன். எரியவில்லை.

“நான் வெளக்கப் பாக்க நிக்கறனுங்க. அது கணக்காவாது,” என்று திரும்பி வந்தார்.

பிரேக்கை மாற்றிய வண்டியை ஆய்வாளரிடம் காட்டியாக வேண்டும். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மைதானத்தில் ஆய்வு நடக்கும். ஆய்வாளர் பெர்னதெத் மேடம் பெடலை மிதிக்கச் சொன்னார், பின்னால் போய்க் குனிந்து பார்த்தார், என்னிடம் வந்தார்.

“பிரேக் அருமையா இருக்கு. ஆனா விளக்கு எரியாம முத்திரை குத்த முடியாது. யாரையாவது கூட்டிட்டு வாங்க. அடுத்த ஆய்வுலயும் எரியலேன்னா வண்டியை நிறுத்திட வேண்டியதுதான்.”

“யாரக் கூட்டிட்டு வர்றதுங்க?”

அவர் உண்மையாகவே யோசித்தார். “அது எனக்குத் தெரியாதுங்களே,” என்றார்.

வண்டியை நிறுத்திவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எண்ணிப் பார்த்தேன். கன்றுகளுக்கு வேறு வண்டி வந்துவிடும். காலையில் எழுந்து எந்தப் பக்கம் போவது என்பதுதான் தெரியவில்லை.

திருப்பூரிலிருந்த அண்ணன் மகன் நவநீதனுக்குப் போன் செய்தேன். நல்ல பையன். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்தான்.

“முன்னாடி போங்க சித்தப்பா, நான் வாரேன்,” என்றான்.

மிதித்தபோது ஸ்டியரிங் பக்கத்துப் பல்பு மங்கலாக எரிந்தது. என் வண்டியில் அந்தச் சிவப்பை முதல்முறையாகப் பார்த்தேன். சிகரெட் நுனி அளவுக்குத்தான் இருந்தது. ஆனாலும் தேவையில்லாத இடங்களிலெல்லாம் மிதித்துப் பார்த்துக்கொண்டே போனேன். நால்ரோட்டில் நவநீதன் என் ஜன்னலுக்கு இணையாக வந்தான்.

“அவசரமுங்க சித்தப்பா, வீட்ல கூப்பிடறாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க,” என்று முந்திக்கொண்டு போனான்.

அவன் பிரேக் போட்ட இடத்திலெல்லாம் விளக்கு வெகுதூரம்வரை சிவப்பாகத் தெரிந்தது. அதற்குள் கைக்குழந்தைக்காரன் ஆகிவிட்டான்.

அடுத்த வாரம் ஒரு செவலை நாய் குரைத்துக்கொண்டு துரத்தியது. பெடலை லேசாக மிதித்தேன், அது குரைக்கக் குரைக்கப் பல்பு மின்னியது. வேகத்தைக் குறைத்து, அதனால் ஓட முடிகிற அளவுக்கு ஓட்டினேன். தன் தெரு முடிந்த இடத்தில் நாய் நின்றுகொண்டது. அதற்கு மேல் அடுத்த நாயின் எல்லை. அந்த நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

ஆய்வு நாளன்று யாரும் இல்லாமல்தான் கிளம்பினேன். எரியாது என்று தெரிந்தும் வண்டியைக் கழுவியிருந்தேன். சந்தையைத் தாண்டும்போது ஒரு வேகத்தடை வந்தது. மிதித்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. மங்கலாக இல்லை, என் கைகளும் சட்டையும் சிவக்கிற அளவுக்கு எரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பெண் மொபெட்டில் வந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயது இருக்கும், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தாள். கண்ணை என் வண்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

ஓரமாக நிறுத்தினேன். காலைப் பெடலிலிருந்து எடுக்கவில்லை. அவள் மொபெட்டை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்தாள்.

“அண்ணா,” என்றாள்.

அவள் கண்கள் வெயிலில் கூசியிருந்தன. நான் தலையை ஆட்டியிருந்தால் போதும். பல்பு என் முழங்காலுக்கு மேலே எரிந்துகொண்டிருந்தது.

“நான் உங்கண்ணன் இல்லீங்க,” என்றேன்.

பல்பு அணைந்தது.

அவள் கதவில் கைவைத்தபடி நின்றாள். பெயர் தெய்வாத்தாள் என்று சொன்னாள். அண்ணனிடமும் இதே மாதிரி பிக்கப் இருந்ததாம். எங்கே போனாலும் அவர் முன்னால் போவார், இவள் பின்னால் போவாள். ஒருநாள் நடுவில் ஒரு செம்மறி ஆட்டு மந்தை சாலையைக் கடந்தது. ஆடுகளைத் தாண்டி வந்தபோது அண்ணன் இல்லை. அதிலிருந்து பழைய பிக்கப் எதைக் கண்டாலும் பின்னால் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“ஆடுக எல்லாம் போக ரொம்ப நேரமாச்சுங்களா?” என்று கேட்டேன்.

“இன்னும் கொஞ்சம் போயிட்டுத்தானுங்க இருக்குது. நாந்தான் சந்துல பூந்து வந்துட்டேன்.”

தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “நீங்க எங்க போறீங்க?” என்றாள்.

“ஆய்வுக்குங்க. வெளக்கு எரியோணும். எரியாது.”

அவள் என் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள், பிறகு சாலையைப் பார்த்தாள்.

“முன்னால ஒரு வண்டி இல்லாம ஓட்டி எனக்குப் பழக்கமில்லீங்க. ஆரா இருந்தா என்ன. நீங்க போங்க, நான் வாரேன்.”

பல்பு எரிந்தது. கியரைத் தவறாகப் போட்டதில் வண்டி ஒருமுறை குலுங்கி நின்று, பிறகு கிளம்பியது.

மைதானத்தில் பெர்னதெத் மேடம் குனிந்து பார்த்தார். கண் கூசிக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார்.

“யாருங்க அவங்க?”

“பின்னாடி வர்றவங்க,” என்றேன்.

முத்திரை குத்திக் கொடுத்தார்.

திரும்பும்போது நான் முன்னாலும் தெய்வாத்தாள் பின்னாலுமாக வந்தோம். டீக்கடையில் நிறுத்தினேன், அவளும் நிறுத்தினாள். அவள் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தாள். முடிக்கும்வரை காத்திருந்து பிறகு ஏறினேன். ஒருவருக்காகக் காத்திருப்பது அவ்வளவு சுகமான வேலை என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இன்னும் பத்து டீ குடிக்கலாம் என்று இருந்தது.

ரயில்வே கேட்டை நான் தாண்டியதும் மணி அடித்து, எனக்குப் பின்னால் கதவு இறங்கியது. அவள் அந்தப் பக்கம் நின்றாள். இறங்கிப் போய்க் கேட்டருகில் நின்றுகொண்டேன். சரக்கு ரயில் வந்தது. பெட்டிகளின் இடைவெளிகளில் அவளைப் பார்த்தேன். ஒரு இடைவெளியில் மொபெட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். இன்னொன்றில் திரும்பிப் பார்த்தாள். அடுத்ததில், அந்தப் பக்கத்துச் சாலையில் என்னுடையதைப் போலவே மூக்கு நீண்ட பிக்கப் ஒன்று குறுக்கே திரும்பிப் போனது. அதன் பிரேக் விளக்கில் எரிந்த சிவப்பைப் போல நான் எந்த வண்டியிலும் பார்த்ததில்லை. ரயிலின் சக்கரங்களுக்கு அடியில்கூட அந்த வெளிச்சம் வந்து விழுந்தது. அடுத்த இடைவெளியில் மொபெட் இல்லை.

கேட் திறந்தது. சாலை காலியாக இருந்தது. ஒரு சைக்கிள்காரர் மட்டும் கடந்து வந்தார்.

“ஒரு அம்மா மொபெட்ல நின்னாங்களே?”

“அவங்கண்ணன் வந்துட்டாருங்க,” என்றார்.

நல்லது என்று சொன்னேன். உண்மையாகவே நல்லதுதான் என்று நினைத்தேன். ஆனாலும் உடனே வண்டியில் ஏற முடியவில்லை. கேட்டின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு, அவள் நின்றிருந்த இடத்தில் சொட்டியிருந்த எண்ணெயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்த லாரிகள் என்னைச் சுற்றிக்கொண்டு போயின. வெயில் சாய்ந்த பிறகு ஏறி ஓட்டினேன்.

புளியமரச் சாலையில் ஒரு எருமை குறுக்கே வந்தது. மிதித்தேன். பல்பு எரிந்தது.

சுவிட்ச் ஒட்டிக்கொண்டுவிட்டது என்று நினைத்தேன். காலை எடுத்தால் அணைந்தது, மிதித்தால் எரிந்தது. கண்ணாடியில் பார்த்தேன். மொபெட் எதுவும் இல்லை. வண்டியை ஓரம்கட்டி, இறங்கிப் பின்னால் போனேன்.

நடுச்சாலையில் என் வீடு வந்து நின்றிருந்தது. ஓட்டுக் கூரையில் புளிய இலைகள் உதிர்ந்திருந்தன. வாசல்படி நெடுக ஒரே புழுதி. கொடியில் நான் காலையில் காயப்போட்ட சட்டை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கதவில் பூட்டு சரியாகத் தொங்கியது. வழியில் எங்கேயோ மின்கம்பியைத் தட்டிவிட்டு வந்திருக்க வேண்டும். வீட்டின் நெற்றியில் ஒரு துண்டு ஒயர் ஒட்டியிருந்தது. அதை எடுத்துப் போட்டேன்.

எதிரே வந்த பேருந்து வழி கேட்டு ஹாரன் அடித்தது. வீட்டைக் கொஞ்சம் இடதுபக்கம் ஒதுங்கச் சொல்லிக் கை காட்டினேன். ஒதுங்கியது. பேருந்து போனதும் வண்டியில் ஏறி, வீட்டால் வர முடிகிற வேகத்தில் கிளம்பினேன்.