மேற்பார்வையின் சுக்கினி

மேற்பார்வையின் வீட்டுத் தோட்டத்தில் காய்த்த சுக்கினி, அவர் தன்னைப் பற்றிப் பெருமை பேசும் ஒவ்வொரு முறையும் இரண்டு விரற்கடை நீண்டது. இதை முதலில் கண்டுபிடித்தவள் அவர் மனைவி. அவள் தையல்காரி, கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும், அளந்து பார்த்துவிட்டாள். அடுத்து எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரருக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்தால் தெருவுக்குத் தெரிந்த மாதிரி. கடைசிவரை தெரியாமல் இருந்தவர் மேற்பார்வை ஒருவர்தான். தன் வாயிலிருந்து வருவதை அவர் என்றைக்குக் காதில் வாங்கியிருக்கிறார்?

அந்தப் பட்டப்பெயர் அவருக்கு சோப்புத் தொழிற்சாலையில் வந்தது. முப்பத்தோரு வருடம் அங்கே மேற்பார்வையாளர். மற்றவர்கள் காய்ச்சுவார்கள், அச்சில் ஊற்றுவார்கள், வெட்டுவார்கள், பெட்டியில் அடுக்குவார்கள். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக நடந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னைக்கு நான் நாலாயிரம் கட்டி சோப்பு போட்டேன்" என்பார். கையில் ஒரு பொட்டு நுரை பட்டதில்லை. ஓய்வு பெற்றதும் மேற்பார்வை பார்க்க ஆளில்லாமல் தவித்துப் போனார். இரண்டு வாரம் குழாய் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் குழாயைத் திட்டத் தொடங்கினார்.

மனைவியை மேற்பார்வை பார்க்க முடியாது. பின்கட்டு அறையில் ஜன்னலோரமாக மிஷினைப் போட்டு அவள் இருபத்திரண்டு வருடமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். மிஷின் சத்தம் தலைவலி என்று கணவர் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. கூடம் அவருடையது, மாடி அவருடையது, சாப்பாட்டு மேசையில் காற்று வரும் பக்கம் அவருடையது. அந்த அறை மட்டும் அவளுடையது. அதற்குள் போய்க் கதவைச் சாத்தினால்தான் அவளுக்கு மூச்சே சீராக வரும்.

ஒரு கோடையில் மேற்பார்வை சுக்கினி விதைப் பாக்கெட் ஒன்றை வாங்கி வந்தார். முன்பக்கம் வெள்ளரிக்காயின் பெரியப்பா மகன் போல ஒரு பச்சைக் காயின் படம், பின்பக்கம் பத்து வரியில் வளர்க்கும் முறை. அதில் நான்கு வரியைப் படித்துவிட்டு எல்லாம் தெரிந்துவிட்டது என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஐந்து குழி தோண்டியது தையல்காரி. எருவைக் கலந்தது தையல்காரி. காலையில் தண்ணீர் ஊற்றியதும் அவள்தான். அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இடது பக்கம் இன்னும் கொஞ்சம்" என்றார்.

செடிகள் புதராகப் படர்ந்து, மஞ்சள் பூக்கள் விட்டன. சுக்கினியில் மெல்லிய காம்போடு முதலில் வருபவை ஆண்பூக்கள். பிறகு, அடியில் விரல் நுனியளவு பிஞ்சைச் சுமந்துகொண்டு பெண்பூக்கள் வரும். ஆண்பூவின் மகரந்தத் தூள் இதில் பட்டால்தான் காய். இது பாக்கெட்டில் ஏழாவது வரி. மேற்பார்வை பிஞ்சில்லாத பூக்களை ஒரு பார்வை பார்த்தார். தொழிற்சாலையில் சோம்பேறிகளைக் கண்டுபிடித்த அதே பார்வை.

"காய்க்காத பூவுக்கெல்லாம் இங்க என்ன வேலை? தண்டச்சோறு" என்று ஒன்றுவிடாமல் கிள்ளி எறிந்தார். அவர் வாழ்க்கையில் கைப்பட வேலை என்று செய்தது அந்த ஒன்றுதான், அதுவும் இந்த லட்சணம்.

பிஞ்சுகள் நுனி மஞ்சளாகி, அழுகி, உதிர்ந்தன. வெயிலைக் குறை சொன்னார், விதையைக் குறை சொன்னார், மனைவி தண்ணீர் ஊற்றும் விதத்தைக் குறை சொன்னார். இலைகளில் வெள்ளைப் பூஞ்சை படிந்து நான்கு செடிகள் பட்டுப்போயின. ஐந்தாவது செடியில், ஒரு பெரிய இலைக்கு அடியில், அவர் கண்ணுக்குத் தப்பிய ஆண்பூ ஒன்று இருந்தது. ஒருநாள் காலை தையல்காரி மிஷின் தூசியைத் தட்டும் சின்னப் பிரஷால் அதன் தூளைத் தொட்டு, தன் அறை ஜன்னலை ஒட்டியிருந்த பெண்பூவில் வைத்தாள். செடியின் மேல் பரிதாபம், அவ்வளவுதான். பிறகு உள்ளே போய் ஒரு பையனின் பள்ளிச் சட்டைக்குக் காலர் வைத்தாள்.

மூன்றாம் நாள் காய் திரண்டது. மேற்பார்வை வாசலுக்குப் போய் மருந்துக்கடைக்காரரைக் கைதட்டிக் கூப்பிட்டு, "சார், நான் வளர்த்த காயை வந்து பாருங்க" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அது இரண்டு விரற்கடை நீண்டது. அன்று அவர் மொத்தம் பத்தொன்பது பேரிடம் சொன்னார்.

"ஜாண் அளவுல அறுத்துடணுங்க, முத்துனா வாயில வைக்க முடியாது" என்றாள் மனைவி. அப்போதே அது முழங்கை அளவு தாண்டியிருந்தது.

"எப்ப அறுக்கணும்னு நான் சொல்றேன். வளர்த்தவனுக்குத் தெரியாதா?" என்றார். இன்னொரு இரண்டு விரற்கடை.

பன்னிரண்டாம் நாள் காய் ஜன்னல் வழியாக அவள் அறைக்குள் தலையை நீட்டியது. அடுத்த வாரம் ஜன்னல் சட்டத்தைப் பெயர்த்தது. அவள் மிஷினை நடைக்கு நகர்த்தினாள். பத்திரிகைக்காரர்கள் வந்து, காய்க்குப் பக்கத்தில் மேற்பார்வையை நிறுத்திப் படம் எடுத்தார்கள். அன்று வந்த தோட்டக்கலை அதிகாரி மட்டும், "மகரந்தம் எப்படிச் சேர்த்தீங்க?" என்று உருப்படியாக ஒரு கேள்வி கேட்டார். மேற்பார்வை சற்றும் அசராமல், "நான் தினமும் அஞ்சு மணிக்கே எழுந்துடுவேன்" என்றார். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். படித்தவர்களும் இப்படித்தான் இருக்கிறார்கள். அந்த வாரத்தில் பின்சுவர் தோட்டத்துப் பக்கம் சரிந்தது. அறைக்கதவைத் திறந்தால் பச்சைத் தோல் முட்டியது.

மிஷின் நடையிலிருந்து மாடிப்படிக்குக் கீழே போனது, அங்கிருந்து சமையலறைக்கு. தைக்கக் கொடுத்த துணிகளில் தாளித்த வாசனை ஏறியது. ஒரு டீச்சரின் பட்டுத் துணியில் எண்ணெய் தெறித்தது, இனிமேல் இங்கே தைக்கக் கொடுப்பதில்லை என்று அந்த டீச்சர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். எங்கள் தெருவும் லேசுப்பட்டதல்ல. அவள் அறை போனதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே, தினமும் போய் மேற்பார்வையிடம் வாயைக் கொடுத்து, காய் நீள்வதைக் கூட்டமாக நின்று ரசித்தோம். தையல்காரி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். வீடு முழுக்கத் தேடியும் அழுவதற்குக்கூட அவளுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.

அவள் தங்கை வந்து பார்த்துவிட்டுக் கொதித்தாள். "பூவைத் தொட்டது நீதானே? மாமா முகத்துக்கு நேரா சொல்லுக்கா. அவர் வாயாவது அடங்கும்."

அக்கா எழுந்தாள். அவர் வாங்கி உறைகூடப் பிரிக்காமல் வைத்திருந்த தோட்டத்து ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய், அறைக்கதவைத் திறந்து, காயை அறுக்கத் தொடங்கினாள். கொன்றுவிடுவது என்ற முடிவோடுதான் போனாள். தோல் மரம் மாதிரி இருந்தது. மதியத்துக்குள் ஆள் நுழைகிற அளவு ஒரு துண்டு கழன்று விழுந்தது. முற்றிய சுக்கினி உள்ளே கூடாக இருக்கும் என்று சமையல் செய்கிறவர்களுக்குத் தெரியும். அவள் உள்ளே நுழைந்து பார்த்தாள், விதைகளும் பஞ்சும் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. தோலின் வழியாக வெளிச்சம் இளம்பச்சையாக இறங்கியது, ஊசியில் நூல் கோக்கத் தாராளமாகப் போதும். குளிர்ச்சியாக இருந்தது. வெளியே தோட்டத்தில் மேற்பார்வை யாரிடமோ, "நான் இல்லேன்னா இந்தச் செடியே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். காயின் எதிர்ச் சுவர் சத்தமில்லாமல் இரண்டு விரற்கடை பின்னால் நகர்ந்ததை அவள் பார்த்தாள். டேப்பை எடுத்து அளந்தாள். பழைய அறையைவிட நீளத்தில் நாலடி அதிகம்.

அன்று சாயங்காலமே அக்காவும் தங்கையுமாக மிஷினை உள்ளே தூக்கி வைத்தார்கள். தங்கைக்கு மனசு ஆறவில்லை. "எல்லாப் பேரும் அவருக்கே போகுதே, உண்மையைச் சொல்லித் தொலையேன்" என்றாள்.

"சொன்னா வளர்றது நின்னுடும்" என்றாள் தையல்காரி. பாபினில் நூல் சுற்றியபடி, பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள்.

மேற்பார்வைக்கு விஷயம் தெரிய ஒன்பது நாள் ஆனது. மிஷின் சத்தம் காய்க்குள்ளிருந்து வருவதைக் கேட்டு வந்தவர், வாசல் வெட்டியிருப்பதைப் பார்த்துக் குதிகுதியென்று குதித்தார். யாரைக் கேட்டு வெட்டினாய் என்று கத்தினார். அளவு கொடுக்க வந்திருந்த மருந்துக்கடைக்காரர் மனைவி அவரைப் பார்த்து, "பொண்டாட்டிக்கு ஒரு அறையே வளர்த்துக் குடுத்திருக்கீங்களே சார், யாருக்கு வரும் இந்த மனசு?" என்றாள். மேற்பார்வை பாதிக் கத்தலில் நின்றார். தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஆமா. நான்தான் அப்பவே முடிவு பண்ணினேன், அவளுக்கு இடம் பத்தலன்னு" என்றார். சுக்கினி ஒரே மூச்சில் ஒரு முழம் நீண்டது.

அதற்குப் பிறகு பதினோரு வருடம் ஆகிவிட்டது. காய் அழுகவில்லை, செடி வாடவில்லை. ஏன் என்று யாரும் கேட்பதும் இல்லை. உள்ளே துணி வெட்டும் மேசை, ஆளுயரக் கண்ணாடி, வரிசையாக நான்கு மிஷின்கள். இரண்டு பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். மேற்பார்வை வெளியே காம்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு. போன செவ்வாய்க்கிழமை ஐந்தாவது மிஷின் வந்து இறங்கியது. தையல்காரி டேப்பைப் பிடித்துப் பார்த்தாள், அதை வைக்க ஒன்றரை அடி இடம் பற்றவில்லை. சட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிய வாடிக்கைக்காரரிடம், "போற வழியில எங்க வீட்டுக்காரர்கிட்ட, இதை எப்படி வளர்த்தீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க" என்றாள். அவர் போய்க் கேட்டார். கால் மணி நேரத்தில் மிஷினை உள்ளே வைத்துவிட்டார்கள்.