தங்கையின் மோதிரத்தைக் கழற்றிய விதம்

1.

அன்று அவசர சிகிச்சை அறையில் இருந்தவர்கள்: நான், என் தங்கை, அவளுடைய மகள், பணியில் இருந்த நர்ஸ், பக்கத்துக் கட்டிலில் காலில் மாவுக்கட்டுடன் படுத்திருந்த லாரி ஓட்டுநர். டாக்டர் பார்த்துவிட்டுப் போய்விட்டார், அவரைச் சேர்க்கவில்லை.

இந்தக் கதையை எழுதச் சொன்னவள் தங்கைதான். குடும்ப விஷயம் எழுத்தில் ஏறுவது எனக்குப் பிடிக்காது. "எழுதுங்கண்ணா. ஆனா எழுதிட்டு அங்கங்க எடுத்துடக் கூடாது. உங்களப் பத்தி எனக்குத் தெரியும்" என்றாள். ஆகவே அடித்துவிட நினைத்த வரிகளை அடைப்புக்குறிக்குள் விட்டுவைத்திருக்கிறேன். வாசகர்கள் அவற்றை மனதுக்குள் படித்துக்கொண்டால் நல்லது.

2.

முதல் தொடக்கம்: "எங்களுடையது கௌரவமான குடும்பம்."

(இப்படித் தொடங்கும் கதைகளில் கடைசியில் கௌரவம் மிஞ்சி நான் பார்த்ததில்லை.)

இரண்டாவது: "தங்கை மாடிப்படியில் வழுக்கி விழுந்தபோது அவளுடைய கணவர் கப்பலில் இருந்தார்."

(இந்த வாக்கியத்தில் மாடிப்படி வரைக்கும் உண்மை.)

மூன்றாவது: தங்கை விழுந்தாள். இடது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் கை வீங்கி, மோதிர விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது.

"வளையல், வாட்ச், மோதிரம் எல்லாத்தையும் ரிமூவ் பண்ணுங்கம்மா. நெயில் பாலிஷ் இருந்தா அதையும்" என்றார் நர்ஸ்.

வளையல் வந்தது. வாட்ச் வந்தது. மோதிரம் வரவில்லை.

3.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நாம் செருப்பைக் கழற்றுவோம், கறையைப் போக்குவோம், களையைப் பிடுங்குவோம், முள்ளை எடுப்போம், பெயரை நீக்குவோம். ஆங்கிலத்துக்கு இத்தனைக்கும் 'ரிமூவ்' ஒன்றே போதும். அதிகாரியைப் பதவியிலிருந்து இறக்குவதும் சட்டையில் பட்ட மையை எடுப்பதும் அதற்கு ஒரே வேலைதான்.

தங்கை மகள் வாயில் நாள் முழுக்க இந்தச் சொல்தான். மேக்கப்பை ரிமூவ் பண்ணணும், போனில் பழைய போட்டோவை ரிமூவ் பண்ணணும். ஒருநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து தன் அப்பாவையே ரிமூவ் பண்ணிவிட்டாள். நான்தான் மறுபடி சேர்த்தேன். அவர் அதில் ஒரு வணக்கம்கூடப் போட்டதில்லை. இருந்தாலும் பெயர் இருக்கட்டும் என்று...

(அவர் கப்பல் வேலையை விட்டு வெகு காலமாகிறது. வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார். எனக்குத் தெரியும், அவர் மகளுக்குத் தெரியும். தங்கை காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டோம். கேட்டவர்களிடம், "லீவு கிடைக்கலையாம்" என்பேன்.)

4.

சோப்பு போட்டார்கள். எண்ணெய் போட்டார்கள். நர்ஸ் என் பக்கம் திரும்பினார்.

"வராது சார். கட்டர்ல வெட்டிடலாம். இப்படியே விட்டா விரலே போயிடும்."

தங்கை கையை மார்போடு இழுத்துக்கொண்டாள். "வெட்ட வேணாம்."

"என்னம்மா சின்னப் புள்ளையாட்டம்? வீட்டுக்காரர்கிட்டச் சொன்னா புதுசு வாங்கித் தரப்போறார். எங்க அவரு?"

"கப்பல்ல" என்றேன் நான்.

லாரி ஓட்டுநர் தலையைத் தூக்கினார். "எந்தக் கப்பல் சார்? என் மச்சானும் கப்பல்லதான்."

"பெரிய கப்பல்."

தங்கை சிரித்துவிட்டாள். வலியில் முகம் கோணிய பிறகும் சிரிப்பு நிற்கவில்லை.

"போதும்ணா. அவர் கரையேறி எவ்வளவோ நாளாச்சு. எனக்குத் தெரியும்."

"உனக்கு எப்பம்மா தெரியும்?" என்றாள் மகள்.

"நீ ஸ்கூலுக்குப் போயிட்டிருந்தப்பவே."

"அப்புறம் எதுக்கு இதை இன்னும் மாட்டிட்டிருக்க?"

"மாமாவுக்காகத்தான். அவர் பாட்டுக்கு எல்லார்கிட்டயும் கப்பல் கப்பல்னு சொல்லிட்டிருக்கார். என் விரல் மொட்டையா இருந்தா அவர் பேச்சு என்னாகும்?"

(இந்த இடத்தில் இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. இப்படியும் ஒருத்தி இருப்பாளா? வாசகர் நம்ப மாட்டார் என்று மாற்றி எழுதிப் பார்த்தேன். அதில் தங்கைக்கு ஒன்றும் தெரியாது. நான் பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன். அவள் என் தோளில் சாய்கிறாள். நன்றாகவே வந்தது. படித்துப் பார்த்தவள், "யாருண்ணா இந்தம்மா?" என்று கேட்டாள்.)

"அண்ணன் வாயால சொல்லட்டும். கழட்டுறேன்" என்றாள் தங்கை நர்ஸிடம்.

விரல் நுனி கறுத்துக்கொண்டு வந்தது. லாரி ஓட்டுநர் முக்கி முனகிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். மாவுக்கட்டோடு அது லேசான காரியமில்லை. அந்த மரியாதைக்கு அவருக்கு என் வணக்கம்.

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடி சொல்லக்கூடிய விஷயமில்லை அது.

"அவர் கப்பல்ல இல்லம்மா. வேற குடும்பத்தோட இருக்கார். கையெழுத்து எதுவானாலும் நான் போடுறேன்" என்றேன் நர்ஸிடம். பிறகு தங்கையிடம், "கழட்டும்மா."

நர்ஸ் ஒரு நூல்கண்டை எடுத்தார். "வெட்டுறதுக்கு முன்னாடி நூல் போட்டு ஒரு தடவை பாத்துடலாம். வலிக்கும், பல்லைக் கடிச்சுக்கங்க" என்றார். நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்தார். மறுமுனையை விரல் முட்டி தாண்டும்வரை நெருக்கமாகச் சுற்றினார். வீக்கம் நூலுக்குள் அடங்கியது. அடியில் இருந்த முனையைப் பிடித்து அவர் பிரிக்கப் போனபோது தங்கை தடுத்தாள்.

"குடுங்க, நானே பண்றேன்."

வலது கையால் நூலைப் பிரித்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் மோதிரம் கொஞ்சம் நகர்ந்தது. முட்டியில் நின்றது. அவள் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். (எங்கள் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை.) மோதிரம் வந்துவிட்டது.

5.

மோதிரத்துக்கு என்ன ஆயிற்று? மகளிடம் கொடுத்தாள் என்று ஒரு முடிவு எழுதினேன். என் சட்டைப்பையில் போட்டாள் என்று இன்னொன்று. ஆஸ்பத்திரித் தட்டிலேயே விட்டுவிட்டு வந்தாள் என்பது மகள் சொன்ன முடிவு. உண்மை தங்கைக்குத் தெரியும், நான் கேட்கவில்லை. உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் மட்டும் உங்கள் இஷ்டத்துக்கு விட முடியாது. போன வாரம் எங்கள் வாசலில் ஒருவர் பெட்டியோடு வந்து இறங்கினாராம். தங்கையின் கணவர் கப்பலிலிருந்து திரும்பிவிட்டாராம். தெரு முழுக்க இதுதான் பேச்சு. வந்தவர் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவர். தங்கையின் கணவர் வரவில்லை. இந்த வீட்டில் அவரை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.