காணிக்கை வைத்த பால் கவர்கள்

தவசுக்காலம் வந்தால் சிலர் கறியை விடுவார்கள், சிலர் பீடியை விடுவார்கள். கிளாடிஸ் போன வருஷம் பிளாஸ்டிக்கை விட்டாள். தான் விட்டதோடு நின்றாளா? வாராவாரம் ஜெபம் சொல்லக் கூடுகிற அன்பியத்தின் பதினைந்து வீடுகளையும் சேர்த்து இழுத்தாள். பால் கவர், எண்ணெய் கவர் எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்துத் தர வேண்டும், இந்த நாற்பது நாளுக்கு அதுதான் ஒறுத்தல் என்றாள். மீன் வாங்கத் தூக்குவாளி, கடைக்குத் துணிப்பை, ஆட்டோவுக்குப் பதில் நடை. அவள் தலை தெரிந்தாலே பெண்கள் கையிலிருக்கும் கேரிபேக்கை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வார்கள்.

குருத்தோலை ஞாயிறன்று காணிக்கைப் பவனியில் மற்றவர்கள் பழத்தட்டும் மெழுகுவர்த்தியும் ஏந்திப் போக, கிளாடிஸ் கவர் நிரப்பிய அரிசிச் சாக்கோடு போனாள். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு சாக்கை ஆசீர்வதித்து மந்திரித்தார். அதற்குப் பிறகு அவள் அதைக் குப்பை என்று சொல்லவிடவில்லை. ஒவ்வொரு சாக்கின் வாயையும் வலை நூலால் தைத்து, மேலே நீல நூலில் சின்னச் சிலுவை போடுவாள். அவள் புருஷன் வில்பிரட் முத்தையாபுரத்தில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன். சனிக்கிழமை வேலைக்குப் போகிறபோது, அங்கே கவர்களை உருக்கிக் குழாய் செய்கிற பட்டறையில் சாக்கைக் கொடுத்துவிடுவான். பாஸ்காத் திருநாளோடு நாற்பது நாள் முடிந்தும் அவள் விடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

நேற்று மத்தியானம் அவள் தம்பி ஃபிராங்க்ளின் கடலிலிருந்து நேரே வந்தான். கையில் மீன் இல்லை. பாசி பிடித்த ஒரு சாக்கை வாசலில் போட்டான்.

“எக்கா, இது ஒன் தையல்தானே? வலையில மாட்டி, வலையே கிழிஞ்சு போச்சு.”

நீலச் சிலுவை அப்படியே இருந்தது. உள்ளே பால் கவர்கள், கழுவியது கழுவியபடி.

வில்பிரட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாக்கைப் பார்த்ததும் சோற்றிலிருந்து கையை எடுத்தான்.

“ஏளா, கத்தாத. பால் கவரு ஆகாதுன்னு பட்டறைக்காரன் அப்பவே சொல்லிட்டான். எங்க கொண்டு போட? போற வழியில உப்பாத்து ஓடையிலதான் போட்டேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லத்தான் இருந்தேன். நீ காணிக்கை வச்சிட்டு வந்து நின்ன மொகத்தப் பாத்துட்டு எப்படிச் சொல்லுவேன்?”

சோம்பலால் போட்டிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். இரக்கப்பட்டுப் போட்டானாம்! அவள் சும்மா இருந்திருந்தால் அந்தக் கவரெல்லாம் மாநகராட்சி வண்டியேறிக் குப்பைக் கிடங்குக்குப் போயிருக்கும். அவள்தான் பதினைந்து வீட்டில் சேர்த்து, தைத்து, சிலுவை போட்டு, ஓடை வழியே கடலுக்கு அனுப்பியிருக்கிறாள். அதுவும் தம்பி வலைபோடுகிற கடலுக்கு.

இனி அன்பியத்தில் எந்த முகத்தோடு உட்காருவது? ஊர் சொல்லும் முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று அப்போதே கிளம்பினாள். முதல் வீடு பிளாரன்ஸ் வீடு. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்.

“இருக்கா, தண்ணி குடி. எங்களுக்குத் தெரியும்” என்றாள் பிளாரன்ஸ்.

“என்ன தெரியும்?”

“அண்ணன் ஓடையில போடுறது. எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு வந்து சொன்னாரு. அன்பியத்துல எல்லாருக்கும் தெரியும். ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு பேசிக்கிட்டோம்.”

“பெறகு எதுக்குளா கழுவிக் கழுவித் தந்தீய?”

“கழுவாமத் தந்தா நீ மறுபடியும் ஒக்காந்து கழுவுவ. பாவமா இருக்கும்லா?”

பச்சைப்பிள்ளைக்குச் சொப்பு வாங்கிக் கொடுத்து ஒரு மூலையில் உட்காரவைப்பதுபோல, பதினைந்து வீடும் சேர்ந்து அவளை வைத்திருந்திருக்கிறது. ஒருவர் ஏமாற்றினால் சண்டை போடலாம். இத்தனை பேர் அன்போடு ஏமாற்றினால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

பிளாரன்ஸ் உள்ளே போய், கழுவி மடித்த கவர்களை எடுத்துவந்து நீட்டினாள்.

“இந்தாக்கா, இந்த வாரத்துக்கு உள்ளது.”

கிளாடிஸ் கை நீட்டவில்லை.

“குப்பை வண்டியில போட்டுரு ஏளா.”

பிளாரன்ஸ் முகம் வாடிவிட்டது. “நாங்க ஒனக்காகத்தானக்கா செஞ்சோம்” என்றாள்.